அரைநாள் கூலி

வெர்வியே நகராட்சி ஆவணக் காப்பகத்தில்
எனக்கு ஒரு மேசை, ஒரு ஒளிப்பலகை,
வெள்ளைக் கையுறை இரண்டு ஜோடி.
ஒக்தாவ் பிரார் விட்டுப்போன நெகட்டிவ்கள்
பதினோராயிரத்துச் சொச்சம்.
எண்ணிட்டு உறையிலிடுவது என் வேலை.
பார்த்துக்கொண்டிருப்பது வேலையில் சேராது
என்றார் மேலாளர்.

நெகட்டிவில் எல்லாம் மாறிக் கிடக்கும்.
கரி படிந்த முகங்கள் வெளுத்திருக்கும்,
பனி கருப்பாய்ப் பெய்யும்.
மணப்பெண்கள் கருப்புடுத்தி
வாய்நிறைய இருட்டோடு சிரிப்பார்கள்.
கல்யாணப் படங்கள்தான் அவருக்குச் சோறு போட்டன.
நடந்தே வீடு திரும்பும் வழியில்
ரோலில் மிஞ்சிய மூன்று நான்கு பிரேம்களில்
ஊர் இருக்கிறது:

கம்பளி அலசிய நுரையோடு போகும் ஆறு,
ஆலை வாசலில் சைக்கிளைத் தொடையில் சாய்த்து
பேரிக்காய் கடிக்கும் இத்தாலியன்,
மழையில் நிலைக்கண்ணாடி சுமக்கும் இருவர்
(நடுவே தெரு தன்னைத்தானே கடந்துபோகிறது),
ஒரு கன்னியாஸ்திரீ, கையில் உரித்த முயல்.
யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால்
தொப்பியைத் தொட்டுவிட்டு
காமிராவைக் கோட்டுக்குள் போட்டுக்கொள்வாராம்.

பெட்டி நாற்பத்தொன்று.
1953, ஏப்ரல் பதினேழு, டிராம் நிறுத்தம்.
ரோல் முழுக்க ஒரே பெஞ்சு.
தூங்கும் பெண். அவள் தலை
முன்பின் தெரியாத ஒருவர் தோளில்.
அந்த மனிதர் அசையவில்லை,
தளும்பத் தளும்பப் பால் ஊற்றிய கிண்ணத்தை
யாரோ தோளில் வைத்துவிட்டுப் போனதுபோல.
முதல் பிரேமில் டிராமின் விளக்கு தொலைவில்.
ஐந்தில் டிராம் வந்து நிற்கிறது,
வெயிலை மறைத்துக்கொண்டு.
ஏழில் நகர்கிறது.
எட்டில் இல்லை;
அது நின்ற இடத்தின் வழியே வெளிச்சம் வந்து
அவள் கன்னத்தில் விழுந்திருக்கிறது.

எட்டுதான் அச்சானது.
பிரஸ்ஸல்ஸ் வாரப் பத்திரிகையில் முழுப் பக்கம்.
‘நம்பிக்கை’ என்று யாரோ தலைப்பிட்டார்கள்.
பாரிசில் ஒரு கண்காட்சி,
காலண்டரில் அக்டோபர் மாதம்,
கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடி.
மனிதர்மேல் அன்புள்ள கண் என்று எழுதினார்கள்.
பொய்யில்லை. அந்தக் குளிரில்
விரல் விறைக்க நின்றிருக்கிறார்.
நான் ஏழாவதைத்தான்
திரும்பத் திரும்பப் பலகையில் வைக்கிறேன்.
எழுப்பியிருக்கலாம்.
ஒரு செருமல் போதும்.

அதே உறையில் ஒரு ரசீது,
கோடு போட்ட நோட்டுத்தாள், ஊதாப் பென்சில்:
‘திரு. பிராரிடம் அரைநாள் கூலி
எழுபத்திரண்டு பிராங்க் பெற்றுக்கொண்டேன்.
லியோந்தின் ஆன்சென்,
நூற்பாலை, இரண்டாம் தளம்.’

பெட்டிகளை ஒப்படைத்த தங்கை மகன் சொன்னான்:
பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தாளாம்.
படத்திலிருந்த கடிகாரத்தில் விரலை வைத்தாளாம்.
ஆறு மணிக்கு ஆலைக்கதவு அடைபடும்.
மாமா, சட்டம் போட்ட பிரதி ஒன்று தருகிறேன் என்றார்.
‘படம் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்.
டிராம் என்னுடையது.’
நூறு நீட்டினார்.
மீதி இருபத்தெட்டை எண்ணி மேசையில் வைத்துவிட்டு
ரசீது எழுதப் பென்சில் கேட்டாள்.

நாற்பத்திரண்டாம் பெட்டியிலிருந்து
எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள்.
சட்டைக் காலரை இழுத்துவிட்டு,
மூச்சைப் பிடித்து, கண்ணைச் சிமிட்டி.
உறையின்மேல் பெயர், முகவரி, சில இடங்களில்
‘பிரதி கொடுத்தாயிற்று’ என்று ஒரு கோடு.
படங்கள் சுமார்தான்.
எந்தப் பத்திரிகையும் வாங்கியதாகத் தெரியவில்லை.
திரும்பவும் கல்யாணங்கள்.

என் படிவத்தில் ‘படத்திலிருப்போர்’ என்றொரு கட்டம்.
லியோந்தின் ஆன்சென் என்று எழுதினேன்.
அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது.
அந்தத் தோளுக்கும் அதே டிராம்தானே.
அவர் எந்த ஆலை, எந்தத் தளம்,
எவ்வளவு போயிற்று?
முன்பெட்டி பின்பெட்டி எல்லாம் பார்த்துவிட்டேன்,
வேறு ரசீது இல்லை.

மணி ஐந்தாகப் போகிறது.
கையுறையைக் கழற்றவில்லை.